தாய்ச்சியை வீடியோ பார்த்துக் கற்கலாமா?

கேட்டவருக்கு 57 வயது. முழங்காலில் தேய்மானம் தொடங்கியிருக்கிறது என்றும், மெதுவான அசைவுகளால் ஆன சீனத் தற்காப்புக் கலையான தாய்ச்சியைச் செய்து பாருங்கள் என்றும் மருத்துவர் சொல்லியிருக்கிறார். அவர் இருக்கும் ஊரில் சொல்லித்தர ஆள் இல்லை. யூடியூபில் வீடியோக்கள் குவிந்து கிடக்கின்றன. ஒன்றை டிவியில் போட்டுப் பார்த்துக்கொண்டே தினமும் செய்தால் போதுமா, எந்த வீடியோவைத் தேர்ந்தெடுப்பது, எத்தனை மாதம் ஆகும் என்பவை அவருடைய கேள்விகள்.

வீடியோவின் துணையோடு கற்கலாம். நானே பாதிக்கு மேல் அப்படித்தான் கற்றேன். ஆனால் 'பார்த்துக்கொண்டே செய்வது' என்கிறாரே, அங்கேதான் எனக்கு மறுப்பு இருக்கிறது. அதை விளக்க என் சொந்தக் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

சிங்கப்பூரில் நாங்கள் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் வெற்றுத்தளத்தில் (வீடுகள் இல்லாமல் திறந்து கிடக்கும் கீழ்த்தளம்) வாரம் இரண்டு நாள், காலை ஏழு மணிக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் தாய்ச்சி செய்வார்கள். எல்லோரும் சீனர்கள், பெரும்பாலும் பாட்டிகள். தமிழன் நான் ஒருவன்தான். சொல்லிக்கொடுத்த அம்மையார் எழுபதைத் தாண்டியவர். மற்றவர்களைப் போல நானும் அவரை 'லாவ்ஷி' என்றே அழைத்தேன். ஆசிரியர் என்று பொருள். பாடம் மாண்டரினில் நடக்கும். எனக்கென்று அவ்வப்போது சந்தை மலாயில் ஓரிரு சொற்கள் வந்து விழும். பாதி புரியாது. அதனால் மீதி ஐந்து நாளும் வீட்டில் டிவியில் வீடியோவைப் போட்டுக்கொண்டு கூடவே செய்து வந்தேன். மூன்று மாதத்தில் அசைவுகளின் தொடர் முழுவதும் வந்துவிட்டது என்று எனக்கு உள்ளூரப் பெருமை.

ஒருநாள் லாவ்ஷி எங்களைத் தனித்தனியாகச் செய்யச் சொன்னார். என் முறை வந்தது. தொடங்கி அரை நிமிடம்கூட ஆகவில்லை, அருகில் வந்து என் தாடையைப் பிடித்து இடப்பக்கம் திருப்பிவிட்டார். மறுபடி செய்தேன், மறுபடி திருப்பினார். மூன்றாவது முறை கையைக் கட்டிக்கொண்டு நின்று, "அங்கே யார் நிற்கிறார்கள்?" என்று மலாயில் கேட்டார். பாட்டிகள் சிரித்தார்கள். நான் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்தில் ஒரு தூணும் இரண்டு சைக்கிள்களும்தான் இருந்தன. வீட்டுக்கு வந்து அதே அசைவைச் செய்தபோதுதான் விஷயம் விளங்கியது. அந்தப் பக்கத்தில்தான் எங்கள் டிவி இருந்தது. மூன்று மாதமாக நான் தாய்ச்சியோடு சேர்த்து எங்கள் வரவேற்பறையையும் மனப்பாடம் செய்திருக்கிறேன்.

இது என் ஒருவனுடைய கோளாறு அல்ல. தொடரின் அமைப்பே அப்படி. இன்று உலகெங்கும் அதிகமாகச் சொல்லித்தரப்படும் 24 அசைவுத் தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். தொடங்கும்போது நாம் பார்த்து நிற்கும் திசையைத் தெற்கு என்று வைத்துக்கொள்வது வழக்கம். முதல் அசைவில் இரண்டு கைகளையும் உயர்த்தி இறக்கும்வரைதான் தெற்கு. இரண்டாவது அசைவான 'காட்டுக் குதிரையின் பிடரியைப் பிரித்தல்' தொடங்கியவுடன் உடல் இடப்பக்கமாகக் கிழக்கே திரும்பிவிடும். தெற்கில் இருக்கும் டிவி இப்போது உங்கள் வலத்தோளுக்கு நேராக இருக்கிறது. பின்னோக்கி நடந்துகொண்டே செய்யும் 'குரங்கை விரட்டுதல்' வரையில் ஏறக்குறைய இதே நிலைமை. 'மேகக் கைகள்' வரும்போது மட்டும் கொஞ்ச நேரம் டிவி மறுபடி எதிரே வரும். மோசமான இடம் அதற்குப் பிறகு வருகிறது. வலக்குதிகாலால் உதைத்து, மடக்கிய இரு கை முஷ்டிகளால் எதிராளியின் காதுகளை அடிக்கும் அசைவை முடித்தபின், இடப்பக்கமாக வடக்கு வழியே மேற்குக்குச் சுற்ற வேண்டும். அப்போது டிவி முழுக்க முதுகுக்குப் பின்னால் போய்விடுகிறது. அடுத்து செய்ய வேண்டியதோ, ஒற்றைக்காலில் நின்று மறுகாலால் உதைப்பது. திரையை நம்பிச் செய்கிறவர் சரியாக அந்த நொடியில், ஒரு காலில் நின்றபடி, கழுத்தைப் பின்னால் திருப்புகிறார். முழங்கால் வலியோடு வரும் ஐம்பத்தேழு வயதுக்காரருக்கு இது வேண்டாத விபரீதம்.

விழுவதை விட்டுவிடுங்கள், வேறொரு சேதாரமும் இருக்கிறது. தாய்ச்சியின் முக்கிய மரபுகளில் ஒன்றான யாங் மரபை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்த யாங் செங்ஃபு (1883–1936) வாய்மொழியாகச் சொல்லி, அவருடைய மாணவர் சென் வெய்மிங் எழுதிவைத்த பத்து அடிப்படைகள் இருக்கின்றன. அவற்றில் முதலாவது, தலையுச்சி லேசாக மேலே ஏந்தப்பட்டது போலக் கழுத்து நேராக, இறுக்கமின்றி இருக்க வேண்டும் என்பது. உச்சியில் நூல் கட்டித் தொங்கவிட்டதுபோல என்று விளக்குவார்கள். பார்வை எங்கே போகிறது என்பதும் இந்தக் கலையில் அசைவின் ஒரு பகுதியே. முன்னணியில் இருக்கும் கையின் போக்கை ஒட்டியே கண் போகும், கண்ணை ஒட்டி இடுப்பு. திரையைப் பார்த்துக்கொண்டே செய்பவர் முதல் நிமிடத்திலேயே முதல் விதியை மீறிவிடுகிறார். கழுத்து ஒரு பக்கம் போனால் எதிர்த்தோள் உயரும், இடுப்பு முழுமையாகத் திரும்பாது, திரும்பாத இடுப்பின் பாரத்தை முழங்கால் முறுக்கிக்கொண்டு ஈடுசெய்யும். மூட்டுக்காகத் தொடங்கிய காரியம் மூட்டையே பதம் பார்க்கும்.

அப்படியானால் வீடியோவே வேண்டாமா? வேண்டும். வீடியோ இல்லாத காலத்தில் என்ன பாடுபட்டார்கள் என்று நினைத்துப் பாருங்கள். யாங் செங்ஃபுவின் நிலைகளைப் புகைப்படங்களாகத் தாங்கிய நூல்கள் 1931லும் 1934லும் வெளிவந்தன. அந்தப் படங்களை இன்றும் மரபுக்காரர்கள் உருப்பெருக்கிப் பார்க்கிறார்கள், விவாதிக்கிறார்கள். ஆனால் புகைப்படம் காட்டுவது அசைவு போய்ச் சேர்ந்த இடத்தைத்தான். கிளம்பிய இடத்துக்கும் சேர்ந்த இடத்துக்கும் நடுவில் நடப்பதுதான் தாய்ச்சி. அந்த நடுப்பகுதியை வேண்டிய மட்டும் நிறுத்தி, பின்னோக்கி ஓட்டிப் பார்க்கும் வசதி நமக்குக் கிடைத்திருக்கிறது. பார்க்கும் வேலையையும் செய்யும் வேலையையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளத் தெரிந்தால் போதும்.

நான் இப்போது கடைப்பிடிக்கும் முறை இது. ஒரே ஒரு அசைவை எடுத்துக்கொள்வேன். உட்கார்ந்து மூன்று முறை பார்ப்பேன். முதல் முறை கால்களை மட்டும், இரண்டாம் முறை இடுப்பை மட்டும், மூன்றாம் முறை கைகளை. கையைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம், நம் கண் இயல்பாகவே கைக்குத்தான் ஓடும். ஆனால் தவறு எப்போதும் காலில் தொடங்கும். பிறகு திரையை அணைத்துவிட்டு எழுந்து செய்வேன். மறந்துபோகும். மறந்துபோனால் உடனே திரையைப் போடாமல், கால் இந்த இடத்தில் நின்றால் உடம்பு எந்தப் பக்கம் போக முடியும் என்று நின்று யோசிப்பேன். அந்த ஒரு நிமிடத் திணறலில்தான் அசைவு உடம்புக்குள் இறங்குகிறது. அதன் பிறகு போட்டுச் சரிபார்ப்பேன். கூடவே ஆடும்போது மனப்பாடம் ஆனதுபோல் இருப்பது வெறும் மயக்கம். திரை நின்றதும் கையும் நின்றுவிடும். பின்பாட்டுக்காரர் இருக்கும்வரை நன்றாகப் பாடிவிட்டு, தனியாக விட்டால் பல்லவியோடு நின்றுவிடுவதைப் போல.

எந்த வீடியோ என்ற கேள்விக்கு வருகிறேன். தேடுபொறியில் வெறுமனே தாய்ச்சி என்று போட்டால் ஐந்து வீட்டுச் சமையல் ஒரே இலையில் விழும். சென், யாங், பெயர் ஒன்றுபோல் ஒலிக்கும் இரண்டு வூ, சுன் என்று முக்கியமான மரபுகள் ஐந்து. அடி வைப்பது, எடை மாற்றுவது, நிற்கும் உயரம் எல்லாம் மரபுக்கு மரபு வேறுபடும். திங்கட்கிழமை ஒன்றும் புதன்கிழமை இன்னொன்றும் பார்த்தால் எதுவும் பிடிபடாது. ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஆறு மாதமாவது அதிலேயே இருங்கள்.

நான் சொல்வது 24 அசைவுத் தொடர். 1956இல் சீன அரசின் விளையாட்டு அமைப்பு, யாங் மரபின் நீண்ட தொடரைச் சுருக்கி, திரும்பத் திரும்ப வருபவற்றைக் கழித்து உருவாக்கியது இது. செய்து முடிக்க ஐந்து நிமிடம், கூட ஒன்று ஆகலாம். பழைய மரபில் ஊறியவர்கள் இதைச் சற்று இளக்காரமாகப் பார்ப்பார்கள். ஆனால் வீடியோவை நம்பி இருப்பவருக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. அசைவுகளின் வரிசை ஒரே சீராக வரையறுக்கப்பட்டிருப்பதால் ஒரு வீடியோவில் புரியாத திருப்பத்தை இன்னொன்றில் வேறு கோணத்தில் பார்த்துக்கொள்ளலாம். நாளைக்கே வேறு ஊருக்குப் போய் ஒரு பூங்காவில் நிற்கும் கூட்டத்தில் சேர்ந்தாலும் கூடவே செய்யலாம்.

முழங்கால் வலி கூடுதலாக இருந்தால் சுன் மரபையும் பாருங்கள். சுன் லூதாங் (1860–1933) வேறு இரண்டு தற்காப்புக் கலைகளில் தேர்ந்த பிறகு தாய்ச்சிக்கு வந்தவர். அவருடைய மரபில் உயரமாக நிற்பார்கள். ஒரு கால் முன்னே போனால் மறுகால் கூடவே வந்து சேர்ந்துவிடும். அதனால் மடக்கிய ஒரே முழங்காலில் நீண்ட நேரம் எடை தங்காது. சிட்னியில் குடும்ப மருத்துவராக இருந்த பால் லாம், தமக்கே மூட்டுவலி இருந்ததால் தாய்ச்சிக்கு வந்தவர். 1997இல் மூட்டுவலிக்காரர்களுக்கென்று அவர் வகுத்த பாடத்திட்டம் சுன் மரபை அடிப்படையாகக் கொண்டது. அவர் வெளியிட்ட பாட டிவிடிகள் கற்பிப்பதற்கென்றே எடுக்கப்பட்டவை. ஒரு பாடத்துக்கு ஓரிரு அசைவுகள்தான்.

'கற்பிப்பதற்கென்றே' என்ற சொல்லை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இணையத்தில் அதிகம் பார்க்கப்படுபவை பெரும்பாலும் காட்சி வீடியோக்கள். பனி மூடிய மலை, வெள்ளைப் பட்டுச் சட்டை, பின்னணியில் தந்தி வாத்தியம். ஐந்து விநாடிக்கு ஒருமுறை கேமரா முகத்துக்குப் போகும், விரல் நுனிக்குப் போகும், ஒரு கொக்கு பறப்பதைக்கூடக் காட்டும். கால் தெரியாது. கால் தெரிந்தாலும் பட்டுக் கால்சட்டைக்குள் முழங்கால் எங்கே இருக்கிறது என்று தெரியாது. போட்டி வீடியோக்களோ இன்னும் ஆபத்து. தொடை தரைக்கு இணையாகும் அளவுக்கு இறங்குவார்கள். சிறு வயதிலிருந்து அதற்கென்றே பழகிய உடம்பு அது. அவற்றை ரசியுங்கள், பின்பற்றாதீர்கள். உங்களுக்கு வேண்டியது அழகில்லாத வீடியோ. கேமரா நகரக் கூடாது. தலை முதல் பாதம் வரை எப்போதும் தெரிய வேண்டும். தரையில் கட்டமோ கோடோ இருந்தால் இன்னும் நல்லது, பாதம் எத்தனை பாகை திரும்புகிறது என்று அளந்துகொள்ளலாம்.

கேமரா எந்தப் பக்கத்தில் இருந்து எடுத்தது என்பதையும் கவனியுங்கள். எதிரே நின்று செய்பவரைப் பார்த்துச் செய்தால் அவருடைய இடக்காலுக்கு நம் வலக்கால் போகும். கண்ணாடியைப் பார்ப்பது போன்ற பழக்கம் அது, தடுக்க முடியாது. அப்படியே முழுத் தொடரையும் இடவலம் மாற்றிக் கற்றுக்கொண்ட ஒருவரை எனக்குத் தெரியும். தனியாகச் செய்யும்போது குறையொன்றும் தெரியாது. குழுவில் சேர்ந்த முதல் நாள் எல்லோரும் கிழக்கே போக இவர் மட்டும் மேற்கே போய்ப் பக்கத்தில் இருந்தவர்மீது மோதினார். ஆகவே பின்பக்கத்தில் இருந்து எடுத்த வீடியோவைத் தேடுங்கள். சில ஆசிரியர்கள், பார்ப்பவருக்கு வசதியாக, தாங்களே இடவலம் மாற்றிச் செய்து காட்டுவார்கள். அதுவும் சரிதான். ஆனால் அந்த வகையையும் சாதாரண வகையையும் கலந்து பார்க்காதீர்கள்.

மெதுவாக ஓட்டிப் பார்ப்பது பற்றி ஒரு வார்த்தை. யூடியூபில் பாதி வேகத்துக்குக் குறைக்கலாம். ஆராய்ந்து பார்க்க அது அருமையான வசதி. ஆனால் அந்த வேகத்தைப் பின்பற்றிச் செய்யப் போகாதீர்கள். ஏற்கெனவே மெதுவான கலை. அதையும் பாதியாக்கினால் ஒற்றைக்காலில் நிற்கும் நேரம் இரட்டிப்பாகும், மூச்சு தட்டுக்கெடும், தொடை நடுங்கும்.

மெதுவாக ஓட்டிப் பார்த்தால் என்ன தெரியும் என்பதற்கு ஒரே ஒரு இடத்தைக் காட்டுகிறேன். முழங்கால்காரர்கள் இதை மட்டுமாவது நன்றாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். 'முழங்காலைத் தடவி அடி வைத்தல்' என்ற அசைவு. இடக்கால் முன்னே, வலக்கால் பின்னே. எடை பெரும்பாலும் முன்காலில். அடுத்த அடிக்கு வலக்காலை முன்னே கொண்டுவர வேண்டும். அதற்கு முன் இடப்பாதம் வெளிப்பக்கம் கொஞ்சம் திரும்ப வேண்டும். புதியவர்கள் எடையை அந்தக் காலிலேயே வைத்துக்கொண்டு பாதத்தைத் தேய்த்துத் திருப்புவார்கள். உடம்பின் பாரம் முழுவதும் ஏறி நிற்கும் முழங்கால் திருகப்படும் தருணம் அதுதான். தாய்ச்சி செய்து கால் வலி வந்துவிட்டது என்று சொல்பவர்களில் பலருடைய வலி இங்கேதான் பிறக்கிறது. நல்ல ஆசிரியரின் வீடியோவைப் பாதி வேகத்தில் பாருங்கள். அவர் முதலில் பின்காலில் உட்காருவதுபோல் பின்னே சாய்வார். இல்லை, சாயமாட்டார், முதுகு நேராக இருக்கும், இடுப்பு மட்டும் பின்னே போகும். அப்போது முன்பாதத்தின் விரல்பக்கம் தானாகத் தரையை விட்டு எழும். குதிகாலை அச்சாக வைத்து அந்த வெறும் பாதம் திரும்பும். திரும்பிய பிறகுதான் எடை மறுபடி முன்னே வரும். எடை கண்ணுக்குத் தெரியாது என்பது உண்மை. ஆனால் எழும் பாதம் தெரியும். உடம்பு ஆடாமல் ஒரு பாதம் எழுகிறது என்றால் அதற்கு முன்பே அதிலிருந்து எடை போய்விட்டது என்று பொருள். எடையை இப்படித்தான் வீடியோவில் படிக்க வேண்டும்.

இன்னொரு தந்திரம். முழுத் தொடரும் ஓரளவு நினைவுக்கு வந்ததும் வீடியோவைக் கைவிட்டு ஒலிக்குப் போய்விடுங்கள். சீனத்தில் ஆசிரியர் அசைவின் பெயரை உரக்கச் சொல்ல, கூட்டம் செய்வது பழைய வழக்கம். நான் அதையே தமிழில் செய்துகொண்டேன். போனில் என் குரலிலேயே, நடுவே வேண்டிய இடைவெளி விட்டு, 'வெண்கொக்கு சிறகு விரி', 'யாழை மீட்டு', 'குருவியின் வாலைப் பிடி', 'ஒற்றைச் சாட்டை', 'கடலடி ஊசி' என்று பதிவு செய்து சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்வேன். காது வழி வருவது கழுத்தைத் திருப்பாது. கண் கையோடு போகலாம். 'குரங்கை விரட்டு' என்று நான் நான்கு தரம் சொல்லியிருப்பதை என் பேத்தி ஒருநாள் கேட்டுவிட்டு, "தாத்தா, குரங்கு போகவே இல்லையா?" என்றாள். அந்த அசைவு தொடரில் நான்கு முறை வருகிறது, அவளிடம் விளக்கிச் செல்லுபடியாகவில்லை.

வீடியோவைப் பயன்படுத்துவதிலேயே மிகவும் பலன் தரும் வகை, நம்மை நாமே எடுத்துப் பார்ப்பது. ஆசிரியர் இல்லாத ஊரில் அதுதான் ஆசிரியர். வாரம் ஒருமுறை போதும். போனை ஸ்டூலின் மேல் இடுப்பு உயரத்தில் வையுங்கள். கீழே இருந்து எடுத்தால் எல்லோரும் நிமிர்ந்து நிற்பதாகத்தான் தெரியும். கால்சட்டையை முழங்காலுக்கு மேல் மடித்துவிடுங்கள். ஒரு முறை எதிரில் இருந்து, ஒரு முறை பக்கவாட்டில் இருந்து. எதிரில் இருந்து எடுத்தால்தான் முழங்கால் உள்பக்கம் மடிகிறதா என்று தெரியும். பாதம் காட்டும் திசையில்தான் முழங்காலும் இருக்க வேண்டும். பக்கவாட்டில் எடுத்தால் முதுகு முன்னே சரிவதும், முழங்கால் விரல் நுனியைத் தாண்டிப் போவதும் தெரியும். முன்பக்கக் கேமராவில் எடுத்தால் சில போன்கள் இடவலம் மாற்றிச் சேமிக்கும், குழம்பிவிடாதீர்கள். பின்பக்கக் கேமராவையே பயன்படுத்துங்கள்.

தரை ஓடுகள் இங்கே பெரிய உதவி. முன்னடி வைக்கும்போது இரண்டு குதிகால்களும் ஒரே கோட்டில் வந்துவிடக் கூடாது. கயிற்றின்மேல் நடப்பதுபோல் அல்லாமல் தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் கால் வைத்து நடப்பதுபோல் இருக்க வேண்டும். ஒரு சாண் அளவு இடைவெளி. ஓட்டின் கோட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பின்னால் ஜன்னல் கம்பி இருந்தால் தலை எந்தக் கம்பிக்கு நேராக இருக்கிறது என்று பாருங்கள். ஒவ்வோர் அடிக்கும் தலை ஏறி இறங்கினால், எடை மாறும் முன்பே எழுந்துவிடுகிறீர்கள். என் முதல் பதிவில் என் தலை மூன்றாவது கம்பிக்கும் நான்காவது கம்பிக்கும் நடுவே ஊஞ்சல் ஆடிக்கொண்டிருந்தது. நான் மேகம்போல் மிதப்பதாக அதுவரை நினைத்திருந்தேன்.

தொடர் சிக்கலாக இருக்கிறது, திசை மாறிக்கொண்டே இருக்கிறது என்று தயங்குபவர்கள் நின்ற இடத்திலேயே செய்யும் பயிற்சிகளில் தொடங்கலாம். தாய்ச்சி ஆசான் செங் மான்சிங்கின் மாணவரும், 1950களில் சிங்கப்பூருக்கு வந்து, பிறகு இன்றைய மலேசியாவில் உள்ள சரவாக்கில் வாழ்ந்து, அந்த வட்டாரம் முழுவதும் மாணவர்களை உருவாக்கியவருமான ஹுவாங் சிங்சியான் (1910–1992) வகுத்த ஐந்து தளர்வுப் பயிற்சிகள் எனக்குப் பிடித்தவை. இடுப்பைத் திருப்புவது, எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றுவது, கையை உடம்பின் போக்கில் விடுவது, எல்லாமே அடி எடுத்து வைக்காமல் நடக்கும். வீடியோவுக்கு இவை கச்சிதம். நாம் எங்கும் திரும்பிப் போவதில்லை, திரையும் முதுகுக்குப் பின்னால் போவதில்லை.

வீடியோ தராதது ஒன்று உண்டு. தாய்ச்சியில் 'சுங்' என்று ஒரு சொல் திரும்பத் திரும்ப வரும். தளர்வு என்று சொல்லிவிடலாம், ஆனால் துவண்டு விழுவது அல்ல. தேவையில்லாத இறுக்கத்தை மட்டும் விடுவது. தளர்ந்த தோளும் தளர்ந்ததுபோல் காட்டும் தோளும் திரையில் ஒன்றுபோலவே தெரியும். லாவ்ஷி என் தோளில் இரண்டு விரலை வைத்துவிட்டு எடுப்பார், அவ்வளவுதான். அந்த விரல்களுக்குக் கீழே என் தோள் எவ்வளவு கல்லாக இருந்தது என்று அப்போதுதான் எனக்கே தெரியும். இருவர் எதிரெதிரே நின்று செய்யும் 'தள்ளுகைப்' பயிற்சியும் வீடியோவில் வராது. ஆகவே ஆண்டுக்கு ஓரிரு முறையாவது, பெரிய நகரத்துக்குப் போகும்போது, ஓர் ஆசிரியரிடம் ஒரு மணி நேரம் காட்டித் திருத்திக்கொண்டு வாருங்கள். போகும்போது உங்களுடைய பதிவுகளை எடுத்துக்கொண்டு போனால் அந்த ஒரு மணி நேரம் நன்றாகப் பயன்படும். நேரலை வகுப்பில் சேர்ந்தாலும் ஆசிரியர் உங்கள் பாதத்தைப் பார்க்கும்படி கேமராவை வைக்கச் சொல்கிறாரா என்று முதலில் கேளுங்கள்.

முழங்காலுக்கு இது உதவுமா என்பதைப் பொறுத்தவரை, மருத்துவர் சொன்னதற்கு அடிப்படை இருக்கிறது. அமெரிக்காவில் முழங்கால் மூட்டுத் தேய்மானம் உள்ள 204 பேரை வைத்து நடத்திய ஓர் ஆய்வு 2016இல் மருத்துவ இதழ் ஒன்றில் வெளிவந்தது. ஒரு பாதியினர் 12 வாரம், வாரம் இரண்டு முறை தாய்ச்சி செய்தார்கள். மறுபாதியினருக்கு வழக்கமான பிசியோதெரபி. இரு பிரிவினருக்கும் வலி ஏறக்குறைய ஒரே அளவு குறைந்தது. நல்ல செய்திதான். ஆனால் அவர்கள் ஆசிரியர் முன்னிலையில் கற்றவர்கள் என்பதை மறக்கக் கூடாது. திரையை மட்டும் நம்பும் நாம் கூடுதல் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். உயரமாகவே நில்லுங்கள். தொடைச் சதை வலித்தால் பழகும். மூட்டுக்குள் குத்தினால் அன்றைக்கு நிறுத்திவிட்டு, மறுநாளும் இருந்தால் மருத்துவரிடம் போங்கள்.

எத்தனை மாதம் என்றால், வரிசை மறக்காமல் வர மூன்றிலிருந்து ஆறு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு வாரம் தொடருக்கே போகாதீர்கள். நிற்பதும், எடை மாற்றுவதும், பூனை நடை என்று சொல்லப்படும் அந்த மெதுவான நடையும் மட்டும், ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம். அதன் பிறகு வாரத்துக்கு ஒரு அசைவு, அல்லது இரண்டு. உதைகளும், 'ஒற்றைக்காலில் நிற்கும் சேவல்' போன்றவையும் வரும்போது கைக்கெட்டும் தூரத்தில் ஒரு நாற்காலி இருக்கட்டும். உதையை முழங்கால் உயரத்துக்கே வைத்துக்கொள்ளலாம், பாதத்தைத் தரையில் லேசாகத் தொட்டும் முடிக்கலாம். பதினாறாவது, பதினேழாவது அசைவுகளில் ஒரு காலை நீட்டி மறுகாலில் முழுக்கக் குந்துவதுபோல் வீடியோவில் இறங்குவார்கள். நீங்கள் இறங்க வேண்டாம். எடையை மட்டும் பின்காலுக்கு மாற்றி, கையைத் தாழ்த்திக் காட்டிவிட்டு எழுந்துவிடுங்கள். எங்கள் கூட்டத்தில் பாட்டிகள் அத்தனை பேரும் அப்படித்தான் செய்தார்கள், லாவ்ஷி உட்பட.